கீழ் வலது மூலை

வின்னிபெக்கில் தமிழுக்கு நாங்கள் ஏழு பேர்.
மருத்துவமனைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால்
ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் அஞ்சல் போகும்.
முதலில் ‘சரி’ எழுதுபவருக்கு வேலை.
மற்ற ஆறு பேருக்கும் உடனே ஒரு நன்றி.

தை மாதத்தில் மட்டும்
பதினான்கு நன்றிகள் சேர்த்துவிட்டேன்.

ஆகவே இந்தத் தேடல்.
பேஸ்மென்ட் வீடு, பழைய மடிக்கணினி.
மெல்லிய கதவுக்கு அப்பால்
இரவெல்லாம் பேக்கரியில் நின்ற குகனேசன்
பகலைத் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

முதல் செயலி மணி அடித்தது.
வெண்கலக் குரல், குறை சொல்ல முடியாது.
சப்பாத்துக் கடையின் தள்ளுபடிக்கும் அடித்தது,
மின்சார பில்லுக்கும் அடித்தது.
மூன்றாம் நாள் கதவு திறந்தது.
குளித்த பின்னும் போகாத மாவு புருவத்தில்.
“யாருக்குக் கலியாணம்?” என்றான்.
நீக்கினேன்.

இரண்டாவது வாய் திறக்கவே இல்லை.
எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தது
கடைக்காரன் கொப்பியில் கடனைப் போல.

மூன்றாவது
பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்குமாம்.
அமைப்புகளின் ஆறாம் பக்கத்தில்
சின்ன எழுத்தில் அதை ஒப்புக்கொண்டிருந்தது.
ஈரத் துவாயை வெளியே போட்டால்
பத்து நிமிடத்தில் பலகையாகும் ஊர் இது.

நான்காவதில் சத்தமில்லை.
கீழ் வலது மூலையில் ஒரு மஞ்சள் சீட்டு
எழும்பி, தலைப்பைக் காட்டி, அமிழ்ந்தது.
எத்தனை நொடி நிற்கட்டும் என்று கேட்டது.
என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் குறைவு.
ஏழு என்றேன்.

எனக்கு நானே எழுதிப் பார்த்தேன்.
தலைப்பு: சோதனை.
தலைப்பு: சோதனை, திரும்பவும்.
தலைப்பு: தெரிகிறதா?
அடுப்பில் பருப்புக் கிண்டும் இடத்திலிருந்து
தெரிந்தது.
தலைப்பு: சாப்பிட்டாயா?
யாரோ கேட்டதாக நினைத்து
ஒரு கணம் திரும்பிவிட்டேன்.

பிறகு விதி எழுதினேன்.
அலுவலகத்து முகவரிக்கு மட்டும் எழும்பு.
வங்கி, பள்ளிக்கூடம், மச்சாள்,
நான் உட்பட எல்லாரும்
காத்திருக்கட்டும்.

செவ்வாய், பதினொன்று நாற்பது.
சீட்டு எழும்பியது.
அகப்பையோடு ‘சரி’ தட்டினேன்.
கிடைத்தது!

மருத்துவமனை வரவேற்பில் இன்னொருவர்,
பனிச் சப்பாத்தில் உப்புக் கறை.
“ஞானசீலன்,” என்றார். “தமிழுக்கு வந்தேன்.”
“நானும் தமிழுக்குத்தான்.”
யாரோ இருவருக்கும் ‘உறுதி’ அனுப்பிவிட்டார்கள்.
மேசைக்காரி நேரங்களைப் பார்த்தாள்.
நான் இரண்டு நொடி முந்தி.

அவர் எந்தச் செயலி வைத்திருக்கிறார் என்று கேட்டேன்.
தொழில் ரகசியம் கேட்கிற கூச்சத்தோடு.
“செயலியா?
நூலகத்தில் இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கணினி.
பக்கத்தைத் திறந்துவைத்து
புதுப்பித்துக்கொண்டே இருப்பேன்.
ஒன்பதிலிருந்து ஐந்து வரை.
சலம் கழிக்கப் போனால் ஒன்று போய்விடும்.”
சிரித்தார்.
ஆட்காட்டி விரல் நகம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பேருந்துக்கு இன்னும் பதினெட்டு நிமிடம்.
உள்ளே என்னைக் கூப்பிட்டார்கள்.
யாரோ ஒருவரின் இதயத்தைப் பற்றி
கூட்டாமல் குறைக்காமல் சொல்லத் தொடங்கினேன்.

வீடு திரும்பியபோது திரையில்
ஒன்று பன்னிரண்டுக்கு ஒரு வேலை,
ஒன்று பன்னிரண்டுக்கே ஒரு நன்றி.
ஆளில்லாத சமையலறையில்
ஏழு நொடி நின்று போயிருக்கிறது சீட்டு.
அவர் அப்போது பேருந்தில் இருந்திருப்பார்.
எங்கள் இருவரையும் முந்திய மூன்றாமவர்
யாரோ, என்ன வைத்திருக்கிறாரோ.

அதற்கும் மேலே, தடித்த எழுத்தில்,
எழும்பாமல் கிடந்த ஒன்று.
என் முகவரியிலிருந்து என் முகவரிக்கு.
தலைப்பு: பதில்: சாப்பிட்டாயா?

ஒற்றை விரலால் அடித்திருக்கிறான்.
புள்ளி விட்டுப்போயிருந்தது.
“இலலை. நீ?”

இடைவெளிப் பட்டையில் மாவு.